ஒரே நடனம், மூன்று வயதுகள்

பாடசாலை மேடையில் ஆடிய நம்மில் பலர், அரங்கேற்றத்தோடு அல்லது கல்யாணத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்தவர்கள். நடனம் இளமைக்கே உரியது என்று நாமும் நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையை மேடையிலேயே கேள்விக்குட்படுத்திய ஜேர்மன் பெண்மணி பீனா பௌஷின் வரலாற்றை இந்த நூற்றாண்டு மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

1940இல் சோலிங்கன் நகரில் பிறந்த பீனாவின் பெற்றோர் ஓர் உணவு விடுதி நடத்தி வந்தனர். 14 வயதில் எசன் நகரின் போல்க்வாங் கல்லூரியில் சேர்ந்து, குர்ட் யோஸிடம் நடனம் பயின்றார். புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க் சென்று ஜூலியார்ட் கல்லூரியிலும் கற்றார். 1962இல் நாடு திரும்பி யோஸின் குழுவில் ஆடினார். புதிதாக ஆட வேண்டுமென்ற ஆவலே அவரை நடனம் அமைக்கவும் தூண்டியது.

1973இல் வுப்பெர்டால் நகர அரங்கின் நடனக்குழு அவர் பொறுப்பில் வந்தது. அழகிய பாலே நடனத்தை எதிர்பார்த்து வந்த இரசிகர்கள் திகைத்தனர். சிலர் இடையில் எழுந்து வெளியேறினர். 1975இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அவர் அமைத்த ஆற்றுகையில், மேடை முழுவதும் மண் பரப்பப்பட்டிருந்தது. பின்னர் அவர் ஒத்திகை முறையையே மாற்றினார். அடவு சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக, நடனக்காரரிடம் கேள்விகள் கேட்டார். அவர்கள் அசைவாலும் பேச்சாலும் பாட்டாலும் தந்த பதில்களைத் தெரிந்தெடுத்துக் கோத்தார். நடனக்காரி நாடக நெறியாளராகவும் ஆனது இவ்வாறுதான்.

1978இல் அவர் உருவாக்கிய 'கொன்டாக்ட்ஹோஃப்' ஒரு நடன மண்டபத்தில் நிகழ்கிறது. ஆண்களும் பெண்களும் முன்னே வந்து, பல்லையும் கையையும் முகத்தையும் காட்டித் தம்மைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அன்பை நாடி ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். சில வேளை நோகடிக்கவும் செய்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் இதே படைப்பை 65 வயதைத் தாண்டிய வுப்பெர்டால் வாசிகளைக் கொண்டு பீனா மேடையேற்றினார். அவர்கள் தொழில்முறை நடனக்காரர் அல்லர். 2008இல் அதை ஆடியவர்கள் அந்நகரின் பதின்வயதினர். அசைவுகள் அவையே, ஆடிய உடல்கள்தாம் வேறு. இளையோரிடம் கூச்சமாகத் தெரிந்த ஓர் அசைவு, முதியோரிடம் வாழ்ந்து முடித்த நினைவாகத் தெரிந்தது.

2009இல் பீனா காலமானார். 2024இல், முதல் ஆற்றுகையில் ஆடிய சிலர் மீண்டும் அதே மேடைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான மெரில் டாங்கார்ட் நெறிப்படுத்த, 1978ஆம் ஆண்டின் படப்பதிவில் தெரிந்த தம் இளமையோடு சேர்ந்து ஆடினர்.

நம் விழாக்களில் பழைய மாணவிகளுக்கு முன்வரிசைக் கதிரைகள் ஒதுக்குவது வழக்கம். இந்த நூற்றாண்டில் மேடையிலும் ஓர் இடம் ஒதுக்குவோம். முழங்கால் நோகிறது என்பவர்களும் வாருங்கள். கைகள் இன்னும் முத்திரைகளை மறந்திருக்கமாட்டா.