வழி கூறும் வானொலி

வானொலி என்றவுடன் பாட்டும் பேச்சுமே நம் நினைவுக்கு வருகின்றன. சாலையிற் செல்வோர்க்கு இடரை முன்னறிவிக்கும் அதன் பணியை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கோ அது தனிச்சிறப்புடையதாகும்.

மைசூரில் 1935-இல் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நிலையம் 'ஆகாசவாணி' என்னும் பெயரைத் தாங்கியது. பெங்களூர் நிலையம் 1955-இல் திறக்கப்பெற்றது. நாட்டின் முதற் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில் எழுந்தது. முதல் தனியார் பண்பலை நிலையமோ 2001 ஜூலை 3 அன்று பெங்களூரில் பிறந்தது. அதன்பின், ஹெப்பாளத்திலோ சில்க் போர்டு சந்திப்பிலோ நெரிசல் மிகுந்துள்ளது என்னும் அறிவிப்பைப் பாடல்களுக்கிடையே ஓட்டுநர்கள் கேட்கலாயினர். தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வழங்கத் தடை இருந்தும், போக்குவரத்துத் தகவல் செய்தியாகக் கருதப்படாது என 2011-ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை வழிவிட்டது.

ஆயினும் குரலுக்கு இரு குறைகள் உண்டு. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வரும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். முதற்குறைக்கு ஜெர்மனி 1974-இல் ஒரு வழி கண்டது. பண்பலையோடு காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸ் துணையலையை அனுப்பி, சாலை அறிவிப்பு வருவதைப் பெட்டிக்கு உணர்த்தினர். பின்னர் அதே துணையலையில் எண்குறிகளை அனுப்பும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. சாலை எச்சரிக்கைகளை அவ்வாறு அனுப்பும் சேவை ஜெர்மனியில் 1997-இல் தொடங்கியது. பாடல் தடைப்படுவதில்லை, புதிய நிலையமும் வேண்டுவதில்லை.

இரண்டாவது குறையும் இதனால் தீர்ந்தது என்பதே நாம் கருதத்தக்கது. அலையில் வருவது சொல்லன்று, எண்ணே. இன்ன எண் விபத்தைக் குறிக்கும், இன்ன எண் இன்ன சந்திப்பைக் குறிக்கும் என்னும் பட்டியல் பெட்டிக்குள் இருக்கிறது. ஆதலால் ஜெர்மனியில் புறப்பட்ட எச்சரிக்கையைப் பிரெஞ்சுக்காரர் தம் மொழியிலேயே பெறலாம். சேலத்திலிருந்து ஓசூர் வழியாகச் சரக்கேற்றிப் பெங்களூர் வரும் லாரி ஓட்டுநர்க்கு இவ்வசதி எத்துணை உதவும்! கன்னட அறிவிப்பு விளங்காமையால் அவர் நெரிசலில் சிக்கி நிற்கவேண்டியதில்லை.

இன்று கைப்பேசி வரைபடம் அப்பணியைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. எனினும் இணையத்தொடர்பு அற்ற இடத்திலும் ஓர் அலை ஒரே வேளையில் ஆயிரமாயிரம் வண்டிகளை எட்டும். அதனைப் போற்றுவோம், நாம் வாழும் ஊரின் மொழியையும் கற்போம்.