மேஜரும் மைனரும்: திருச்சபை இசையில் இரு சுரவரிசைகளின் வரலாறு

மேனாட்டு இராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகளைப் பற்றிப் பேசுங்கால், மேஜர் மகிழ்ச்சிக்குரியது, மைனர் துயரத்திற்குரியது என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. லெந்து நாட்களுக்கு மைனர், உயிர்த்தெழுந்த திருநாளுக்கு மேஜர் எனப் பாடல்களைப் பிரித்து வைக்கும் போதகர்களும் உளர். இவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் சீர்திருத்தக் காலத்துப் பாடல்களை இவ்வளவுகோல் கொண்டு அளக்கப் புகின் பல இடங்களில் இடறுவோம். ஆதலின் இவ்விரு சுரவரிசைகளும் தோன்றிய விதத்தையும், அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவையும் வரலாற்று முறையில் ஆராய்தல் நன்று.

அவ்வுறவை விளக்க நம் நாட்டு இசையே போதுமானது. மேஜர் என்பது 29ஆவது மேளமாகிய தீரசங்கராபரணத்தின் சுரங்களையும், இயல்பான மைனர் என்பது 20ஆவது மேளமாகிய நடபைரவியின் சுரங்களையும் உடையவை. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமமாகக் கொண்டு அதே ஏழு சுரங்களைப் பாடினால் நடபைரவி பிறக்கும். இதனை நாம் கிரகபேதம் என்கிறோம். ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் சி முதல் சி வரை வாசித்தால் மேஜர். ஏ முதல் ஏ வரை வாசித்தால் மைனர். சுரங்கள் மாறவில்லை, ஆதார சுரம் மட்டுமே மாறியது. (பண்டைத் தமிழர் ஏழு பாலைகளைப் பிறப்பித்த முறையும் இத்தகையதே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இப்பாலைகளை விரிவாக ஆராய்ந்திருப்பதை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.)

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். இடைக்காலத் திருச்சபை தன் இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களை எட்டுப் பண்களில் அடக்கியிருந்தது. டி, ஈ, எஃப், ஜி என்னும் நான்கு சுரங்களில் ஒன்றில் பாடல் முடிவுறும். ஒவ்வொரு முடிவுச் சுரத்திற்கும் இரண்டு பண்கள். நம் முறையில் கூறின், இவை கரகரப்பிரியா, தோடி, மேசகல்யாணி, அரிகாம்போதி ஆகியவற்றின் சுரங்களைக் கொண்டவை. சி-க்கும் ஏ-க்கும் இப்பட்டியலில் இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் ஐரோப்பிய இசை முழுவதையும் ஆளவிருந்த இரண்டும் பெயரளவில் அன்று வழக்கில் இல்லை. பெயரளவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எஃப்-இல் முடியும் பண்ணைப் பாடுவோர், செவிக்கு இனிமையாக இருக்கும்பொருட்டு பி சுரத்தை அரைச்சுரம் தாழ்த்திப் பாடுவதுண்டு. அப்பொழுது கிடைப்பது மேஜரேயன்றி வேறன்று. டி-இல் முடியும் பண்ணிலும் அவ்வாறே செய்தால் மைனர் கிடைக்கும். ஏட்டில் இல்லாதது நாவில் இருந்தது.

1526இல் ஜெர்மன் மொழியில் திருவிருந்து ஆராதனை முறைமையை அமைத்த மார்ட்டின் லூத்தர், நிருப வாசகத்தை எட்டாம் பண்ணிலும் சுவிசேஷ வாசகத்தை ஆறாம் பண்ணிலும் ஓதும்படி ஏற்பாடு செய்தார். கிறிஸ்து அன்புள்ள ஆண்டவர், அவருடைய வார்த்தைகள் இனியவை, ஆகவே ஆறாம் பண். பவுல் கண்டிப்பான அப்போஸ்தலர், ஆகவே எட்டாம் பண் என்று அவர் காரணம் கூறியதாக, அவருக்குத் துணை நின்ற இசைவாணர் யோகான் வால்ட்டர் பதிவு செய்துள்ளார். இவ்விரு பண்களிலும் முடிவுச் சுரத்திற்கு மேல் நிற்பது அந்தர காந்தாரமே. அதாவது, நம் கணக்கில் இரண்டும் மேஜரைச் சார்ந்தவை. இனிமைக்கும் கண்டிப்புக்கும் உள்ள வேறுபாட்டை லூத்தர் மேஜர், மைனர் என்ற பிரிவில் தேடவில்லை. இதனினும் தெளிவான சான்று அவருடைய உயிர்ப்புப் பாடலாகிய ‘கிறிஸ்ட் லாக் இன் தோடெஸ்பாண்டென்’ (1524). மரணத்தின்மேல் கிடைத்த வெற்றியைப் பாடும் இப்பாடல், பழைய இலத்தீன் உயிர்ப்புப் பாடலின் வழிவந்து, இன்று நாம் மைனர் என்று அழைக்கக்கூடிய பண்ணிலேயே அமைந்துள்ளது. அதைப் பாடிய சபையார் அழுதுகொண்டு பாடினார்கள் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

சி-க்கும் ஏ-க்கும் ஏட்டில் இடமளித்தவர் சுவிஸ் அறிஞர் கிளாரியானுஸ். எராஸ்முஸின் நண்பரான இவர் பாசெல் நகரம் சீர்திருத்தத்தை ஏற்ற 1529இல் அந்நகரை விட்டு ஃப்ரைபர்க் சென்றவர். பழைய சபையிலேயே நிலைத்தவர். 1547இல் வெளியான அவருடைய நூல் எட்டுப் பண்களைப் பன்னிரண்டாக்கிற்று. பின்பு 1558இல் இத்தாலியராகிய சார்லினோ, பண்களின் முடிவுச் சுரத்திற்கு மேலுள்ள காந்தாரத்தை நோக்கினார். அது 5:4 என்ற அளவினதாயின் பண் கிளர்ச்சியுடையது, 6:5 என்ற அளவினதாயின் சோர்வுடையது என்றார். மேஜர் மகிழ்ச்சி, மைனர் துயரம் என்ற கொள்கைக்கு இவரே முக்கியமான வித்து. இவ்விரு அளவுகளையும் பெருக்கினால் 3:2, அதாவது பஞ்சமம் கிடைக்கும். ஆக, மேஜரும் மைனரும் ஒரே பஞ்சமத்தின் இரு பிரிவுகள். பெரிய பங்கு கீழே இருந்தால் மேஜர், மேலே இருந்தால் மைனர். லுத்தரன் இறையியலாராகிய லிப்பியுஸ் 1612இல் இம்மூன்று சுரங்களின் ஒத்திசையைத் திரித்துவத்தின் சாயல் என்றார். பக்தியுள்ள எண்ணமே, எனினும் பிரசங்கபீடத்தில் இதனை நீட்டாதிருத்தல் நலம்.

மைனருக்கு ஒரு குறை இருந்தது. மேஜரில் ஷட்ஜமத்தை ஒட்டி அரைச்சுரத் தொலைவில் காகலி நிஷாதம் நின்று பாடலை முடிவுக்கு இழுத்துச் செல்லும். மைனரில் கைசிகி நிஷாதம் விலகி நிற்கும். எனவே பாடகர்கள் முடிவு வருங்கால் அதனை உயர்த்திப் பாடினர். நடபைரவி அவ்விடத்தில் கீரவாணியாகிறது. மேஜரிடம் கடன் வாங்கியே மைனர் தன் முடிவை அமைத்துக்கொண்டது எனலாம். இறுதி ஒத்திசையை மேஜராக்கி முடிக்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. 1722இல் யோகான் செபஸ்தியான் பாக் பன்னிரண்டு சுரங்களுக்கும் மேஜரிலும் மைனரிலும் இசைக்கோவைகள் இயற்றியபோது பழைய பண்களின் ஆட்சி ஏறத்தாழ முடிவுற்றது.

ஆனால் பழைய பாடல்கள் முடிவுறவில்லை. லெந்து காலத்தில் நாம் பாடும் ‘இரத்தம் காயம் குத்தும்’ என்ற ஞானப்பாட்டின் இராகத்தை எடுத்துக்கொள்வோம். இது ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதற்பாடல் ஒன்றின் இராகம். 1656இல் பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாடல் இதனோடு இணைந்தது. இந்த இராகம் தொடங்கும் சுரமும் முடியும் சுரமும் ஒன்றே. அச்சுரத்தைச் சங்கராபரணத்தின் காந்தாரமாகவும் கேட்கலாம், நடபைரவியின் பஞ்சமமாகவும் கேட்கலாம், தோடியின் ஷட்ஜமமாகவும் கேட்கலாம். பாக் தமது மத்தேயு பாடுகளின் இசையில் (1727) இதனை ஐந்து முறை அமைத்தார். பேதுரு மறுதலிப்பான் என்று ஆண்டவர் முன்னறிவிக்கும் இடத்தில் மேஜர் ஒத்திசை; ஆண்டவர் ஜீவனை விட்ட பின்பு பழைய பண்ணின் இருண்ட ஒத்திசை. 1734ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இசையிலோ, மீட்பரை வரவேற்கும் முதல் பாமாலைக்கு அவ்விருண்ட ஒத்திசையையே கொடுத்து, 1735 ஜனவரி 6இல் பாடப்பட்ட இறுதிப் பகுதியில் அதே இராகத்தை எக்காளங்களும் பேரிகைகளும் முழங்க டி மேஜரில் நிறுத்தினார்.

வருகிற பெரிய வெள்ளியன்று இப்பாட்டின் கடைசி அடியில், ஆர்கன் வாசிப்பவர் அந்த இறுதிச் சுரத்தின் கீழ் எந்த ஒத்திசையை வைக்கிறார் என்று போதகர்கள் செவிகொடுத்துக் கேட்கலாம். சபையார் பாடும் சுரம் எவ்வாறாயினும் மாறப்போவதில்லை.