குன்றின் பெயர் சுமந்த குடும்பம்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் வந்து கூடும் ஜனங்களுக்குள், பிழைப்பின் பொருட்டு வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்து இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்த பின்னும், பிள்ளைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் இந்த அம்மனையே தேடி வருகிற குடும்பங்கள் அநேகம். அவர்களிடம் பெயரைக் கேட்டால் தகப்பனாருடைய முதலெழுத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவராது. குலதெய்வம் எதுவென்று கேட்டாலோ, மூதாதையர் புறப்பட்ட ஊரும் பங்காளிகளின் வகையறாவும் ஒருங்கே வெளிப்பட்டுவிடும். வம்சத்தின் விலாசத்தை நாம் தெய்வத்தினிடம் ஒப்படைத்து வைத்திருக்கிறோம். அதைப் பெயரிலேயே சுமந்து தேசாந்தரம் போன ஒரு குடும்பத்தின் கதை, இங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மூன்று மலைகளை வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவில் கைப்பற்றிய அக்கோட்டை, 1761 ஏப்ரல் 5 வரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அந்த ஆட்சியின் இறுதிக் கட்டத்தில், 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிச் சேனாதிபத்தியம் வகித்தவர் தாமஸ் ஆர்தர் லாலி. நம் பாடப்புத்தகங்கள் அவரைப் பிரெஞ்சுத் தளபதி என்று சொல்லி மேலே போய்விடுகின்றன. அவருடைய பெயரோ பிரெஞ்சுப் பெயரன்று.

அயர்லாந்தின் மேற்கிலுள்ள கால்வே பிராந்தியத்தில் ஓ முல்லாலி என்றொரு பழங்குடி இருந்தது. ஐரிஷ் மொழியில் ‘ஓ’ என்பது பேரன், வழித்தோன்றல் என்று பொருள்படும். பாட்டனின் பெயரைத் தரித்தவனைப் ‘பெயரன்’ என்றும் அதுவே தேய்ந்து ‘பேரன்’ என்றும் வழங்கும் நமக்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. லஃக்ரே என்னும் ஊரை அடுத்த சமவெளியில் செல்வாக்கோடு வாழ்ந்த இக்குடியினர், கடல் கடந்து வந்த நார்மானியரின் ஆதிக்கத்தால் தம் நிலத்தை விட்டு நகர்ந்து, டூவம் நகருக்கு அருகில் ‘துல்லக் ந தாலா’, அதாவது கூட்டம் கூடும் குன்று, என்னுமிடத்தில் குடியேறினார்கள். காலப்போக்கில் ‘ஓ’ உதிர்ந்தது, ‘முல்’லும் உதிர்ந்தது, எஞ்சியது லாலி.

இங்கிலாந்தின் கத்தோலிக்க மன்னனான இரண்டாம் ஜேம்ஸின் பக்ஷம் நின்று தோற்றவர்கள், 1691-இல் ஏற்பட்ட லிமரிக் உடன்படிக்கைக்குப் பின் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். காட்டு வாத்துக்கள் என்று சரித்திரம் அவர்களை அழைக்கிறது. அவ்விதம் சென்று ஐரிஷ் படைப்பிரிவில் சேவகம் புரிந்த ஜெரார்டு லாலிக்கு ஒரு பிரெஞ்சுப் பிரபு குலத்து மனைவியிடம் 1702-இல் பிறந்தவரே நம் சேனாதிபதி. நிலம் போயிற்று, குன்று மாத்திரம் பெயரில் தங்கியது. பிரெஞ்சு நாவில் அது ‘தொலாந்தால்’ என்று உருமாறி, நம்மவர் பெயருக்கு முன் ஊரைச் சேர்ப்பதுபோல், பெயருக்குப் பின் ஒட்டிக்கொண்டது.

1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் நடந்த யுத்தத்தை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நிகழ்ந்த போர் என்று சொல்வது பிழையன்று. எனினும் இரு சேனைகளுக்கும் தலைமை தாங்கியவர்களின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால் வேறொரு காட்சி புலப்படும். எதிரே நின்ற ஆங்கிலேயத் தளபதி ஐயர் கூட், அயர்லாந்தின் லிமரிக் பிரதேசத்தில் பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து அயர்லாந்தில் நிலங்களைப் பெற்றுத் தழைத்தவர்கள். அத்தீவுக்குள் குடிபுகுந்த பெயர் ஒன்றும், அதனின்று துரத்தப்பட்ட பெயர் ஒன்றும், இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லாத நம்முடைய வறண்ட சமவெளியில் சந்தித்துக்கொண்டன. கூட் வென்றார். மறு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதன் பின்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்துக் கடைசியில் சரணடைந்தது செஞ்சி.

பிரான்சில் லாலியைத் துரோகி என்று தீர்ப்பளித்து, 1766 மே 9-இல் பாரிஸில் வாய்க்கட்டுடன் சிரச்சேதம் செய்தார்கள். முன்கோபியும் அகம்பாவியுமான அவர் தஞ்சைப் படையெடுப்பில் செய்த கொடுமைகளை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. ஆயினும் துரோகம் என்ற குற்றச்சாட்டு பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது. குடும்பப் பெயர் தெரிவிக்கப்படாமல் வெறும் துரோஃபீம் என்ற பெயரோடு வளர்ந்த பதினைந்து வயது மகனுக்கு, தன் தகப்பனார் யார் என்ற ரகசியம் அவர் கொல்லப்பட்ட அன்றைக்குத்தான் தெரிய வந்தது. பெயரைப் பெற்ற தினமே அது களங்கப்பட்ட தினமாகவும் அமைந்த அந்தப் பிள்ளை, வால்டேரின் பேனாவைத் துணைக்கொண்டு பல வருஷம் வழக்காடினார். 1778-இல் அரசனின் ஆலோசனைச் சபை அத்தீர்ப்பை ரத்துச் செய்தபோது, மரணப் படுக்கையிலிருந்த வால்டேர் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார். லாலி தொலாந்தால் என்ற முழுப்பெயரையும் தரித்து அந்த மகன் 1830 வரையில் வாழ்ந்தார்.

புதுச்சேரியில் இன்றும் ஒரு வீதிக்கு அப்பெயர் உண்டு. கால்வேயின் ஒரு குன்று, பிரெஞ்சு உச்சரிப்பில் சிதைந்து, தமிழ் எழுத்தில் மறுபடியும் சற்றே சிதைந்து, நம் கடற்கரையூரில் ஒரு விலாசமாய் நிலைத்திருக்கிறது.