மலிவு மசில் கார்: சர்க்யூட்டுக்கு வந்த வரலாறு

நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அமெரிக்க நிறுவனங்கள் விற்ற வண்டிதான் மசில் கார். 1964-ஆம் ஆண்டு மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓ-விலிருந்து இந்த வகை தொடங்குவதாகப் பலரும் கொள்வர். மஸ்டாங், கமாரோ போன்ற சற்றே சிறிய கார்களைக் கறாரான ஆய்வாளர்கள் தனி வகையில் சேர்ப்பார்கள். பந்தயக்காரர்கள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. நேர்கோட்டில் சீறிப் பாயப் பிறந்த வண்டி இது. இடமும் வலமுமாக வளையும் சர்க்யூட்டில் ஒருவர் தன் சொந்தக் காசில் இதை ஓட்ட முனையும்போது, எஞ்சின் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. தொல்லையெல்லாம் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும்தான். அறுபது ஆண்டுகளாக அந்த இரண்டையும் குறைந்த செலவில் சரிசெய்யப் பலர் பட்ட பாடே இந்த வண்டியின் பந்தய வரலாறு.

அமெரிக்காவில் அமெச்சூர் சர்க்யூட் பந்தயத்தை வளர்த்தெடுத்தது, எஸ்சிசிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1944-இல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் தொடக்ககாலப் பந்தயங்களில் எம்ஜி, ஜாகுவார் போன்ற ஐரோப்பிய இரண்டு இருக்கைக் கார்களே கோலோச்சின. உள்நாட்டு வி8 வண்டிகளுக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை.

அந்த நிலை மாறியது 1965-இல். முந்தைய ஆண்டு ஏப்ரலில் 2,368 டாலர் அடிப்படை விலையில் ஃபோர்டு மஸ்டாங் விற்பனைக்கு வந்திருந்தது. அது நான்கு பேர் அமரும் கார் என்பதால் ஸ்போர்ட்ஸ் கார் பிரிவில் சேர்க்க முடியாது. கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பி பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஃபைபர் கிளாஸ் பலகை ஒன்றை வைத்து அதன்மேல் ஸ்டெப்னியைப் பொருத்தினார். விதிப்படி நூறு வண்டிகளையும் கட்டிக் காட்டினார். இப்படிப் பிறந்த ஜிடி350, 1965 பிப்ரவரியில் டெக்சஸின் கிரீன் வேலியில் தன் முதல் பந்தயத்திலேயே ஓட்டுநர் கென் மைல்ஸின் கையில் வென்றது.

ஜிடி350-இன் 306 குதிரைத்திறனை எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அமெச்சூர் பட்டறைகளுக்கு அந்தக் கார் விட்டுச்சென்ற நிலையான சொத்து வேறு. முன் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம் சேஸிஸில் பொருந்தும் துளைகளை, பழைய இடத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே புதிதாகப் போட்டார்கள். அவ்வளவுதான். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாயாமல், டயர் கூடுதல் அகலத்தில் தரையைப் பிடித்தது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கின் கணக்கு இது. ஒரு டிரில்லும் அளவுத்தாளும் இருந்தால் போதும். அறுபதுகளின் மஸ்டாங்கை சர்க்யூட்டுக்குத் தயார் செய்பவர்கள் இன்றும் முதலில் செய்யும் வேலைகளில் இது ஒன்று.

1966-இல் எஸ்சிசிஏ தொடங்கிய டிரான்ஸ்-ஆம் தொடர் எஞ்சின் அளவுக்கு ஐந்து லிட்டர் வரம்பு விதித்தது. அதற்குள் அடங்குவதற்காக செவ்ரலே தன் 327 கன அங்குல பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்கைப் போட்டு 302 கன அங்குல எஞ்சினை உருவாக்கியது. கமாரோ இசட்/28 பிறந்தது அப்படித்தான். ராஜர் பென்ஸ்கே அணியின் மார்க் டானஹியூ 1968, 1969 ஆண்டுகளில் செவ்ரலேக்குப் பட்டம் பெற்றுத் தந்தார். 1970-இல் பாஸ் 302 மஸ்டாங்குகள் பட்டத்தைப் பறித்தன. பிறகு காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து மசில் காரை முடக்கின.

மறுபிறப்பு எண்பதுகளில். ஃபாக்ஸ் என்ற பெயருள்ள அடித்தளத்தின் மேல் 1979-இல் வந்த மஸ்டாங்கில், 1987 முதல் 225 குதிரைத்திறன் தரும் ஐந்து லிட்டர் வி8 கிடைத்தது. பகட்டான ஜிடி-யை விட எல்எக்ஸ் மாடல் விலையும் குறைவு, எடையும் குறைவு. லட்சக்கணக்கில் விற்றதால் காயலான் கடைகளில் உதிரி பாகங்கள் குவிந்து கிடந்தன. ஏழைப் பந்தயக்காரருக்கு இதைவிட நல்ல வண்டி அமையவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

குறைகளும் அதே அளவுக்குப் பெரியவை. பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒற்றை ஆக்சிலை முறுக்கிச் சுழலாமலும் பக்கவாட்டில் ஓடாமலும் பிடிக்கும் வேலையை, சரிவாக அமைந்த மேல் ஆர்ம்களே சேர்த்துச் செய்தன. வளைவில் வண்டி நன்றாகச் சாய்ந்ததும் அவை ஒன்றோடொன்று முரண்பட்டு இறுகும். பின்பக்கம் முன்னறிவிப்பில்லாமல் வெளியே வீசும். பக்கவாட்டைப் பிடிக்க பான்ஹார்ட் ராட், முறுக்கத்தைத் தாங்க டார்க் ஆர்ம் என்று இரு வேலைகளையும் பிரித்துக் கொடுத்த பிறகுதான் வண்டி நம்பிக்கைக்குரியதானது. தகரத்தை மடக்கிச் செய்த அடித்தளம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, முன் சப்ஃபிரேமையும் பின் சப்ஃபிரேமையும் இரும்புக் குழாயால் இணைத்து வெல்டிங் செய்வார்கள்.

பிரேக் இன்னும் பெரிய கதை. 1,500 கிலோ வண்டி மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 16 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஒவ்வொரு சுற்றிலும் பல வளைவுகளில் இதே கூத்து. டாட் 3 பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் இன்னும் குறையும். ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் தரை வரை போகும். முன்னே பதினோரு அங்குலத்துக்கும் குறைவான டிஸ்க், பின்னே டிரம் என்றிருந்த ஃபாக்ஸ் மஸ்டாங்குக்குப் பட்டறைகள் கண்ட வழிகள் எளியவை: உயர்தர ஆயில், பந்தயப் பேட், பம்பரிலிருந்து டிஸ்க் வரை காற்றுக் குழாய். பணம் சேர்ந்ததும் 1994-இல் வந்த மஸ்டாங் கோப்ராவின் 13 அங்குல டிஸ்குகளை மாட்டுவார்கள்.

எதிர்முகாமிலும் அதே பாடம்தான். எஸ்சிசிஏ-யின் ஷோரூம் ஸ்டாக் நெடுநேரப் பந்தயங்களில் கமாரோவின் பிரேக்குகள் கைவிட்டதால், எண்பதுகளின் இறுதியில் 1எல்இ என்ற தொகுப்பை செவ்ரலே தந்தது. பெரிய டிஸ்க், அலுமினிய காலிப்பர், வளைவில் பெட்ரோல் ஒதுங்காமல் தடுப்பு வைத்த டேங்க் எல்லாம் அதில் உண்டு. விளம்பரமே கிடையாது. குறிப்பிட்ட ஆக்சில் தேர்வோடு ஏசி வேண்டாம் என்று எழுதினால் தானாகச் சேர்ந்து வரும். விவரம் தெரிந்தவர்கள் அப்படி எழுதி வாங்கினார்கள்.

செலவை அடக்கியது விதிகள்தான். 1991-இல் தொடங்கிய நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன், கமாரோவும் மஸ்டாங்கும் மோதும் தனிப் பிரிவை நடத்தியது. அதே சங்கத்தின் அமெரிக்கன் அயர்ன் பிரிவில் வண்டியின் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்துக்கு வரம்பு உண்டு. திறன் அளக்கும் டைனோ கருவியில் வண்டியை ஏற்றி அளந்து பார்ப்பார்கள். எஞ்சினில் பணத்தைக் கொட்டிப் பயனில்லை என்றானதும் ஓட்டும் திறமை முன்னுக்கு வந்தது. இந்த ஒரு விதி பல எளிய அணிகளைக் களத்தில் நிறுத்தி வைத்தது.

2006-இல் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் ஜே லேம் தொடங்கிய 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் இன்னும் ஒருபடி போய், காரின் செலவை 500 டாலரில் நிறுத்தியது. கணக்கை மீறியதாக நடுவர்கள் கருதினால் சுற்றுகளைக் கழிப்பார்கள். ரோல் கேஜ், சீட், பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாதனங்கள் அந்தக் கணக்கில் சேராது. உயிர் காக்கும் பொருளில் யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது மிகச் சரியான முடிவு. பல அணிகளுக்கு ரோல் கேஜ் செலவு காரின் விலையைத் தாண்டும்.

ஃபாக்ஸ் மஸ்டாங் இப்போது சேகரிப்பாளர்களின் பொருளாகி விலை ஏறிவிட்டது. அதனால் பட்டறைகளின் பார்வை 2005 முதல் 2010 வரையிலான மஸ்டாங் ஜிடி-யின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒற்றை ஆக்சில்தான் என்றாலும் மூன்று லிங்க்கும் பான்ஹார்ட் ராடும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தன. முன்பு பட்டறைக்காரர் வெல்டிங் செய்து சேர்த்ததில் ஒரு பாதி இதில் விலையோடு சேர்ந்தே கிடைக்கிறது. எஞ்சின் மாற்ற விரும்புபவர்கள் செவ்ரலே பிக்கப் டிரக்குகளின் 5.3 லிட்டர் இரும்பு பிளாக் வி8-ஐ காயலான் கடையில் தேடுகிறார்கள்.