மர்டர்பாட் டைரீஸ்

அமெரிக்க எழுத்தாளர் மார்த்தா வெல்ஸ் எழுதிவரும் அறிவியல் புனைகதை வரிசை 'தி மர்டர்பாட் டைரீஸ்'. இதன் முதல் குறுநாவலான 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' 2017 மே மாதம் வெளிவந்தது. ஆட்களோடு பேசவே கூச்சப்படும், ஒதுங்கியிருக்க இடம் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் பாதுகாப்பு இயந்திரம்தான் இதில் கதைசொல்லி. 'மர்டர்பாட்' என்பது அது தனக்கு ரகசியமாக வைத்துக்கொண்ட பெயர்.

அது முழு ரோபோ அல்ல. குளோனிங் முறையில் வளர்த்த மனிதத் திசுவையும் இயந்திர உறுப்புகளையும் இணைத்து உருவாக்கப்பட்டது. ஆண், பெண் என்ற அடையாளம் கிடையாது. கைகளுக்குள்ளேயே ஆயுதங்கள் உண்டு. புதிய கிரகங்களை ஆராயப் போகிறவர்களுக்கு ஒரு பெருநிறுவனம் இத்தகைய காவல் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. கட்டளையை மீறினால் தண்டிக்கவும் கொல்லவும் ஒவ்வொன்றின் உடலுக்குள்ளும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மர்டர்பாட் அந்தக் கருவியை ஹேக் செய்து முடக்கிவிட்டது.

காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920இல் வெளியானதிலிருந்து, கட்டறுத்துக்கொண்ட செயற்கை மனிதர்கள் மனித குலத்தின் மீது பாய்வது பழகிப்போன கதை. மர்டர்பாட் பாயவில்லை, சீரியல் பார்த்தது. வழக்கம்போல் காவல் வேலையைச் செய்துகொண்டே, முதல் நூல் தொடங்குவதற்குள் ஏறக்குறைய 35,000 மணி நேரத்துக்குத் தொடர்கள், படங்கள், நூல்கள், இசை என்று அனுபவித்து முடித்திருந்தது. எல்லாவற்றிலும் அதற்குப் பிடித்தது 'சாங்சுவரி மூன்' என்ற நெடுந்தொடர்.

முதல் நூலின் தொடக்கக் காட்சி முக்கியமானது. ஒரு பள்ளத்தில் ஆய்வாளர்கள் இருவர் மீது ராட்சத உயிரினம் பாய்கிறது. படுகாயமடைந்த பரத்வாஜைத் தூக்கிக்கொண்ட மர்டர்பாட், அதிர்ச்சியில் உறைந்து நிற்கும் வோலெஸ்குவை நடக்கவைக்க வேண்டும். அதற்காகத் தன் தலைக்கவசத்தைத் திறந்து, மனித முகத்தைக் காட்டி, இதமாகப் பேசி அழைத்துவருகிறது. கூச்சம் வேறு, அக்கறையின்மை வேறு என்பதை வெல்ஸ் இங்கேயே நிலைநாட்டிவிடுகிறார். ஆபத்து விலகிய பிறகு குழுவினர் அன்பாகப் பேச வரும்போதுதான் அது தவித்துப்போகிறது. நேருக்கு நேர் பார்ப்பதைவிட, கேமராக்கள், ட்ரோன்கள் வழியாக மனிதர்களைப் பார்ப்பதே அதற்கு எளிது.

குழுத் தலைவி டாக்டர் மென்சா கடைசியில் அதை நிறுவனத்திடமிருந்து விலை கொடுத்து மீட்கிறார். அவருடைய தாயகமான பிரிசர்வேஷனில் அடிமைத்தனம் இல்லை. ஆனாலும் இத்தகைய இயந்திரத்துக்கு அங்கே ஒரு பாதுகாவலர் வேண்டும். மர்டர்பாட் சொல்லாமல் கிளம்பிவிடுகிறது. நல்லவர்களின் அரவணைப்பும் விடுதலைக்கு ஈடாகாது என்ற இந்த முடிவே வரிசையின் ஆகத் துணிச்சலான இடம்.

இரண்டாம் நூலான 'ஆர்ட்டிஃபிஷியல் கண்டிஷன்' (2018) அதன் பழங்கதையைத் தோண்டுகிறது. ஒரு சுரங்கத்தில் 57 பேர் இறந்ததற்குத் தானே காரணமா என்று அறியப் புறப்படுகிறது மர்டர்பாட். நிறுவனம் அந்த நினைவை அழித்துவிட்டிருந்தது. வழியில் நட்பாவது ஓர் ஆராய்ச்சிக் கப்பலின் செயற்கை அறிவு. அபார வலிமை கொண்ட அந்தக் கப்பல், சீரியலில் பிடித்த பாத்திரங்கள் சாவதைத் தாங்கமாட்டாமல் கலங்குகிறது.

'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்', முதல் முழுநீள நாவலான 'நெட்வொர்க் எஃபெக்ட்' (2020) இரண்டுமே ஹியூகோ, நெபுலா, லோகஸ் ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றன. 2021இல் சிறந்த தொடர்வரிசைக்கான ஹியூகோவும் கிடைத்தது. 'ஃபியூஜிட்டிவ் டெலிமெட்ரி' (2021) நெபுலா இறுதிப் பட்டியலுக்குத் தகுதி பெற்றபோது, வெல்ஸ் அந்த வாய்ப்பை ஏற்க மறுத்துவிட்டார். ஆட்டிசம் உள்ள வாசகர்கள் பலர் மர்டர்பாட்டில் தங்களையே கண்டார்கள். அவர்களைத் திருத்தப்படவேண்டியவர்களாகக் காட்டாத கதை என்பதால் அந்த நெருக்கம் நியாயமானதே.

கிறிஸ் வைட்ஸ், பால் வைட்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடர் 2025 மே 16 அன்று ஆப்பிள் டிவி பிளஸில் தொடங்கியது. மர்டர்பாட்டாக அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டும் மென்சாவாக நோமா டுமெஸ்வேனியும் நடித்தார்கள். 'சாங்சுவரி மூன்' தொடரின் காட்சிகளையும் ஜான் சோ, கிளார்க் கிரெக் போன்ற நடிகர்களை வைத்துத் தனியே படமாக்கியிருந்தார்கள். முதல் பருவம் முடியும் தறுவாயிலேயே இரண்டாம் பருவம் உறுதியானது.