தவிடு ஆருக்கு?

திருகோணமலை உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எண்டு பள்ளிக்கூடத்தில எல்லாரும் படிச்சிருப்பம். அப்படியெண்டால் வணிகம் ஏன் கொழும்புக்குப் போனது? 1875இல் பிரித்தானியர் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். மலையகத்தின் கோப்பியும், பிறகு தேயிலையும், ரயிலில் அங்கேதான் வந்து இறங்கின. திருகோணமலையைக் கடற்படைக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1957இல்தான் தளத்தைக் கையளித்தார்கள். இயற்கை தந்த ஆழம் மட்டும் போட்டியில் வெல்லாது என்பதற்கு எங்கட துறைமுகமே சாட்சி.

இந்த ஆழத்துக்குப் பெரிய தொழிற்சாலைகள் வந்தது 1977க்குப் பிறகு. ஜே.ஆர். ஜெயவர்தன அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி வெளிநாட்டு முதலீட்டை அழைத்தது. சிங்கப்பூரின் பிறிமா நிறுவனம் சீனக்குடாவில் மா ஆலை கட்டி, 1980இல் அரைக்கத் தொடங்கியது. அந்த ஒப்பந்தத்தைக் கவனியுங்கோ: கோதுமை அரசினுடையது, அரைத்த மாவும் அரசுக்கு. அரைகூலிக்குப் பதிலாகத் தவிடு கம்பனிக்கு. தவிடு எண்டால் சும்மா கழிவில்லை. கால்நடைத் தீவனமாக நல்ல விலைக்குப் போகும் சரக்கு.

மாவாக வாங்குவதை விட்டுக் கோதுமையாக வாங்கி இங்கேயே அரைப்பது புத்தியான மாற்றம்தான். பெரிய கப்பல் கரையோடு வந்து நிற்கும், உள்ளூரில் வேலையும் கிடைக்கும். 1980களில் வந்த டோக்கியோ சீமெந்தும் இதே வழிதான்: வெளியிலிருந்து கிளிங்கர், இங்கே அரைப்பு.

ஆனால் அதே கதவால் வேறு சரக்கும் வந்தது. 1970–77 சிறிமாவோ ஆட்சியின் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கைக்காரர் நிமிர்ந்திருந்தார்கள். கதவு திறந்ததும் அவர்களின் சந்தை சரிந்தது. "நாடு போட்டிக்கு ஏற்ப மாறியது" எண்டு ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குள் சீனக்குடாவில் வேலை கிடைத்தவரும் இருக்கிறார், யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் நட்டப்பட்டவரும் இருக்கிறார்.

2022இல் டொலர் தட்டுப்பட்டபோது பாண் விலை எகிறியது. ஆலை எங்கட குடாவில் இருந்தும் பயனில்லை. கோதுமை இங்கே விளைவதில்லையே.

அதே 2022 ஜனவரியில், சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கும் ஒப்பந்தம் வந்தது. அவற்றில் 61ஐ ஒரு கூட்டுக் கம்பனி நடத்தும்: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனிக்கு 49 வீதம். முதலீடு வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மா ஆருக்கு, தவிடு ஆருக்கு, நட்டம் ஆருக்கு எண்டு கேட்கப் பழகுவம்.