வங்காள மறுமலர்ச்சி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கல்கத்தாவை மையமாகக் கொண்டு சமயம், கல்வி, இலக்கியம், கலை ஆகியவற்றில் ஏற்பட்ட விழிப்பு வங்காள மறுமலர்ச்சி எனப்படுகிறது. எனினும் அது பெரும்பாலும் நகர்சார்ந்த, கல்வி பெற்ற மேல்சாதி இந்துக்களின் வட்டத்திற்குள்ளேயே நின்றது. 1828இல் பிரம்ம சபையை நிறுவிய ராஜா ராம்மோகன் ராய், கணவனின் சிதையில் மனைவியை எரிக்கும் சதி வழக்கத்தைச் சாத்திரச் சான்றுகளைக் கொண்டே எதிர்த்தார். 1829இல் அது தடைசெய்யப்பட்டது. அதே வழியில் வாதிட்ட ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சி, 1856ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டத்திற்கு வித்திட்டது. 22 வயதிலேயே மறைந்த இந்துக் கல்லூரி ஆசிரியர் டெரோசியோவோ பகுத்தறிவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டார். அவருடைய மாணவர் குழு ‘இளம் வங்காளம்’ எனப்பட்டது.

ஓவியத்தில், சென்னையிலும் பின்னர் கல்கத்தாவிலும் அரசுக் கலைப்பள்ளிகளை நடத்திய ஈ. பி. ஹேவலின் ஊக்கத்தைப் பெற்ற அவனீந்திரநாத் தாகூர், ஐரோப்பியப் பயிற்சிமுறையிலிருந்து விலகி, முகலாயச் சிற்றோவிய மரபையும், வண்ணத்தை நீரில் கரைத்து மென்படலமாகப் படியவிடும் ஜப்பானிய முறையையும் இணைத்து வங்காளப் பாணியை உருவாக்கினார். அவருடைய மாணவர்களுள் நந்தலால் போஸ் சாந்திநிகேதனில் ஒரு கலைத் தலைமுறையையே பயிற்றுவித்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராகி, மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தார்.